மூலத்தைத் திறந்துவைத்து வாணிகம் செய்தல்

தான் ஆக்கிய பொருளின் நுட்பத்தை யாவர்க்கும் வெளிப்படுத்தி, அதனைப் பிரதிசெய்து வழங்கும் உரிமையையும் கொடுத்துவிட்ட கம்பனி எதனை விற்று வாழும்? கணினித் தொழிலிற் புகுந்த நம் பழைய மாணவர் சிலர், சொந்தமாகத் தொழில் தொடங்க எண்ணுமிடத்து எழுப்பும் வினா இது. ஈண்டு அதனைச் சிறிது ஆராய்வாம்.

மென்பொருளின் மூலமாவது மனிதர் எழுதிய நிரல். அதனை வாசிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் எவர்க்கும் உரிமையளிப்பது திறந்த மூல உரிமம். சுதந்திரத்துக்கும் இலவசத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் வழங்குதலால் அங்கே மயக்கம் மிகுந்தது. இரண்டுக்கும் வெவ்வேறு சொல்லுடைய நமக்கு அம்மயக்கம் வேண்டுவதில்லை. அமெரிக்கரான றிச்சாட் ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட பொது உரிமம் விலை பெறுதலை விலக்கவில்லை. வாங்கியவர் அதனைப் பிறர்க்கு வழங்குவதைத் தடுக்கலாகாது என்பதே அதன் விதி.

1993இல் அமெரிக்காவில் தோன்றிய ரெட் ஹற் கம்பனியை நோக்குவோம். அது வழங்கிய லினக்ஸ் இயங்குதளத்தின் மூலம் யாவர்க்கும் திறந்திருந்தது. அவ்வாறிருந்தும் வங்கிகளும் அரசாங்கங்களும் ஆண்டுதோறும் சந்தா செலுத்தின. நள்ளிரவில் இயந்திரம் நின்றுவிடின் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். பிழைகளுக்கான திருத்தங்கள் பல்லாண்டு தொடர்ந்து வரல் வேண்டும். நிரலைப் போலப் பொறுப்பைப் பிரதிசெய்தல் இயலாதன்றோ? 2012இல் முடிந்த நிதியாண்டில் அதன் வருமானம் 100 கோடி டொலரைக் கடந்தது. 2019இல் ஐபிஎம் கம்பனி ஏறத்தாழ 3,400 கோடி டொலர் கொடுத்து அதனை வாங்கிற்று. நம் நாட்டில் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 கம்பனியும் திறந்த உரிமத்தில் நிரலை அளித்து, சந்தாவினால் வளர்ந்ததே. 2024இல் சுவீடன் நாட்டு முதலீட்டு நிறுவனமொன்று அதனை வாங்கியது.

ஆயினும் இவ்வழி எல்லார்க்கும் பயன்படவில்லை. அமேசான் போன்ற பெருங் கம்பனிகள், பிறர் எழுதிய திறந்த நிரலைத் தம் கணினி நிலையங்களில் இயக்கி வாடகைக்கு விடலாயின. நிரலைப் பராமரிக்கும் பொறுப்பையும் அவையே ஏற்றமையால், எழுதிய கம்பனிக்கு விற்பதற்கு எஞ்சியது சிறிதே. உரிமம் அனுமதித்த செயலாதலின் வழக்காடவும் இடமில்லை. தொழில் தொடங்குவோர் முதற்கண் எண்ணவேண்டிய இடர் இதுவே என்பது நம் கருத்து.

இவ்விடர் கண்டு மொங்கோடிபி கம்பனி 2018இலும் இலாஸ்டிக் கம்பனி 2021இலும் தம் உரிமங்களை இறுக்கின. இறுக்கும்முன் வெளிவந்த நிரலோ ஏற்கெனவே ஊரார் கையில் இருந்தது. அதனைக் கொண்டே அமேசான் அவ்வாண்டில் ஓப்பன்சேர்ச் என்னும் புதுக் கிளையைத் தொடங்கிற்று. 2024இல் இலாஸ்டிக் திறந்த உரிமமொன்றை மீண்டும் சேர்த்துக்கொண்டது; ஓப்பன்சேர்ச்சோ அதன்பின்னும் தனிவழியே வளர்கின்றது.