தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை: கைற்சேர்ஃபிங் பழகும் பெண்களும் ஹார்னஸும்

2021 டிசெம்பரில் வடமராட்சியில் பட்டம் ஏற்றப்போன இளைஞர் ஒருவர் கயிற்றோடு ஆகாயத்துக்குத் தூக்கப்பட்ட காணொளியை நம்மில் பலர் பார்த்திருப்போம். கூட இழுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கயிற்றை விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை. பட்டம் அவரைப் பனை உயரத்துக்குக் கொண்டுபோனது. நல்லகாலம், உயிர் தப்பினார். பட்டத்தின் இழுவை எப்படிப்பட்டது என்று வடக்கில் வளர்ந்த யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. விண் பூட்டிய பட்டத்தை ஒரு தரமாவது பிடித்துப் பார்த்த உள்ளங்கைக்கு அது தெரியும்.

அந்த இழுவையை நம்பித்தான் கைற்சேர்ஃபிங் என்ற விளையாட்டே இருக்கிறது. ஓர் அறையளவு பெரிய பட்டத்தைக் காற்றில் நிறுத்தி, காலில் ஒரு பலகையைப் பூட்டிக்கொண்டு, கடலின் மேல் சறுக்கிப் போவது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனிப் போட்டியாக இது முதன்முதலில் இடம்பெற்றது. ஆனால், அந்தப் பட்டத்தைக் கையால் யாரும் பிடித்திருப்பதில்லை. கையில் இருக்கும் தடி பட்டத்தைத் திருப்புவதற்கும் இழுவையைக் கூட்டிக் குறைப்பதற்கும் மட்டுந்தான். இழுவையின் பெரும்பகுதி வருவது இடுப்புக்கு. இடுப்பில் கட்டும் அந்தப் பட்டிக்கு ஹார்னஸ் என்று பெயர். அதன் முன்பக்கத்தில் ஓர் உலோகத் தண்டும் கொக்கியும் இருக்கும். பட்டத்தின் கயிறுகள் வந்து மாட்டுவது அந்தக் கொக்கியில்தான்.

அந்தப் பட்டி எனக்குப் பொருந்தாமல் போன கதையிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

கற்பிட்டியில் மூன்று நாட்கள்

கற்பிட்டியில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று பலமாக வீசும். களப்பில் பல இடங்களில் ஆழம் குறைவு. அதனால் பழகுபவர்கள் வெளிநாடுகளிலிருந்தும் அங்கே வருகிறார்கள். நான் ஒரு கட்டுரைக்காகப் போனேன். போன இடத்தில், பார்த்து எழுதுவதைவிடச் செய்துபார்த்து எழுதுவோம் என்று தோன்றியது. என்னோடு முல்லைத்தீவிலிருந்து ஓர் அக்காவும் வந்திருந்தா.

முதல்நாள் எனக்குத் தந்தது இடுப்பு ஹார்னஸ், ஆண்களுக்கான நடுத்தர அளவு. இறுக்கிக் கட்டினார்கள். கரையில் நிற்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. தண்ணீருக்குள் இறங்கிப் பட்டம் தலைக்கு மேலே நின்றதும் பட்டி மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. இடுப்பிலிருந்து விலாவுக்கு, விலாவிலிருந்து நெஞ்சுக்கு. கொக்கி தொப்புளுக்கு நேரே இருக்கவேண்டியது, நெஞ்சுக்குழிக்கு வந்துவிட்டது. மூச்சு முட்டியது. இரவு பார்த்தால் இரண்டு விலாப்பக்கமும் கண்டிப்போயிருந்தது.

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. பழகும்போது நோகத்தானே செய்யும் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் அதே பட்டியைக் கட்டினேன்.

மூன்றாம் நாள் காலை, பட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த தம்பிதான் கேட்டார். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பமொன்றின் பிள்ளை, கற்பிட்டியிலேயே பிறந்தவர். "அக்கா, நேத்து கையத் தூக்கேலாம நின்டீங்களே, எங்க நோகுது?" சொன்னேன். சிரித்துவிட்டு, "இது உங்களுக்குப் பெரிசு. முதல்நாளே சொல்லியிருந்தா மாத்தித் தந்திருப்பேனே" என்றார்.

வேறொன்றைக் கட்டிவிட்டார். அன்றுதான் முதன்முதலாக என் கவனம் வலியில் இல்லாமல் பட்டத்தில் இருந்தது.

இடுப்புப் பட்டியா, இருக்கைப் பட்டியா?

ஹார்னஸ்கள் பிரதானமாக இரண்டு வகை. ஒன்று, இடுப்பைச் சுற்றிக் கட்டுவது. மற்றது, தொடைகளுக்கும் பட்டி போட்டு, சிறு காற்சட்டைபோல அணியும் இருக்கை ஹார்னஸ்.

புதிதாகப் பழகுபவரின் பட்டம் அதிக நேரம் தலைக்கு நேர் மேலேயே நிற்கும். அப்போது இழுவை மேல்நோக்கித்தான் வரும். இடுப்புப் பட்டியைக் கீழே பிடித்துவைக்க எதுவும் இல்லாததால் அது ஏறும். இருக்கை ஹார்னஸைத் தொடைப்பட்டிகள் பிடித்துக்கொள்ளும். அதன் கொக்கியும் தாழ்வாக இருக்கும். பாரம் முதுகில் மட்டும் தங்காமல் இருப்பிடத்துக்கும் தொடைக்கும் பிரிந்துபோகும். ஆகவே முதல் சில வகுப்புகளுக்கு இருக்கை ஹார்னஸ் கேட்டு வாங்குவது நல்லது. அதிலும் குறை உண்டு. கால் அசைவு கொஞ்சம் கட்டுப்படும். தொடை இடுக்கில் உரசும், முழங்கால்வரையான லைக்ரா காற்சட்டை போட்டால் அது குறையும்.

பலகையில் ஏறி ஓடத் தொடங்கிய பிறகு இழுவை முன்பக்கமாகவும் பக்கவாட்டாகவும் மாறும். அந்தக் கட்டத்தில் பலர் இடுப்பு ஹார்னஸுக்குப் போகிறார்கள். உடல் சுதந்திரமாகத் திரும்பும்.

பெண்களுக்கென்று வேறாக ஏன்?

நிறம் மட்டும் மாற்றி விற்கும் தந்திரம் என்று நானும் நினைத்ததுண்டு. அப்படியல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் இங்கே முக்கியம். உங்கள் கையை வைத்துப் பாருங்கள். உயரம் குறைந்த பெண்கள் பலருக்கு அங்கே சில விரல் அகலந்தான் இருக்கும். ஆண்களுக்கான பட்டியின் முதுகுத்தட்டு உயரமானது. அது அந்த இடைவெளிக்குள் அடங்காமல் மேலே விலாவிலும் கீழே இடுப்பெலும்பிலும் இடிக்கும். பெண்களுக்கான பட்டியில் தட்டின் உயரம் குறைவு, கீழ்ப்பக்கம் இடுப்பின் வளைவுக்கேற்ப விரிந்திருக்கும்.

அளவெடுக்கும்போது தொப்புளின் மட்டத்தில் சுற்றளவை எடுங்கள். சட்டை அளவை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒவ்வொரு நிறுவனத்தின் அளவுகளும் வேறு. வெளிநாட்டு வழிகாட்டிகள் தடித்த நீச்சல் உடைக்கு மேல் கட்டுவதை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் கடலில் மெல்லிய லைக்ரா மேற்சட்டைதான் போடுவோம். ஆகவே இரண்டு அளவுகளுக்கு நடுவில் நின்றால் சிறியதையே முதலில் போட்டுப் பாருங்கள்.

கட்டிப் பார்க்கும் முறை

கீழ்ப்பட்டியை முதலில் நன்றாக இறுக்கவேண்டும். மேற்பட்டி சற்றுத் தளர்வாக இருக்கலாம். இரண்டையும் சமமாக இறுக்கினால் மூச்சு முட்டும்.

கொக்கியுள்ள உலோகத் தண்டைக் கவனியுங்கள். முழுக்க இறுக்கிய பிறகும் தண்டின் நுனிக்கும் பட்டியின் ஓரத்துக்கும் இடையில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 5 சென்ரிமீற்றர் மிச்சமிருந்தால் நல்லது. தண்டு பட்டியைத் தொட்டுவிட்டால் இனி இறுக்க இடமில்லை என்று அர்த்தம். தண்டு நீளமாக இருக்கலாம், அல்லது பட்டியே உங்களுக்குப் பெரிதாக இருக்கலாம்.

பிறகு ஒருவரைக் கொக்கியைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் ஏறுவது வழமை. விலா எலும்பில் முட்டினால் அது உங்களுக்கானதல்ல. அந்த இழுவையிலேயே ஆழமாக ஒரு மூச்சு எடுங்கள். குந்தி எழும்புங்கள். தண்ணீரில் நனைந்ததும் பட்டி கொஞ்சம் தளரும், பத்து நிமிடம் கழித்துத் திரும்ப இறுக்கவேண்டும்.

உடையையும் யோசியுங்கள். பருத்தி நனைந்தால் பாரமாகும், பட்டிக்குக் கீழே சுருண்டு தோலை உரிக்கும். உடலை மூட விரும்புபவர்கள் நீளக்கை லைக்ரா மேற்சட்டையும் கணுக்கால்வரையான லெகின்ஸும் போடலாம். சால்வை, சங்கிலி, தொங்கும் நாடா எதுவும் வேண்டாம், கொக்கியில் சிக்கும். படகுகளில் தரும் சாதாரண உயிர்காப்பு அங்கியின் கீழ் ஓரம் பட்டியோடு முட்டி ஒன்றையொன்று தள்ளும். கைற்சேர்ஃபிங்குக்கென்றே தைத்த, வயிற்றுப்பக்கம் குட்டையான அங்கியைக் கேளுங்கள்.

இவையெல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கவேண்டியது: விடுவிப்பு எங்கே? கொக்கியில் மாட்டும் வளையத்துக்கு மேலே, தள்ளினால் கழன்றுவிடும் பிடி ஒன்று உண்டு. அதைத் தள்ளினால் பட்டம் இழுவை இழந்து விழும், பாதுகாப்புக் கயிற்றில் மட்டும் உங்களோடு தொங்கும். அதையும் கழற்ற இன்னொரு விடுவிப்பு உண்டு. இரண்டையும் கரையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரியவேண்டும். பட்டி நெஞ்சுக்கு ஏறிவிட்டால் அந்தப் பிடியும் முகத்துக்குக் கிட்டப் போய்விடும், அவசரத்தில் கை தேடிய இடத்தில் இராது. பொருந்தாத பட்டி ஆபத்தாவது இதனால்தான்.

தழும்புகளுக்கு மேல் கட்டுவது

என்னோடு வந்த அக்காவுக்கு 2009இல் மாத்தளனில் பட்ட செல் துண்டு ஒன்று இடது இடுப்பெலும்புக்கு மேலே இன்னமும் இருக்கிறது. அவ அதைப் பயிற்றுவிப்பாளரிடம் சொல்லவில்லை. கட்டும்போது முகம் மாறியதைக் கண்டு நான்தான் கேட்டேன்.

"பீஸ் இருக்கிற இடம். பரவாயில்லை, தாங்கலாம்" என்றா.

தாங்கலாம். இந்தச் சொல்லை எங்கள் பெண்களிடம் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்! பேட்டி எடுக்கப்போன வீடுகளில், கிளினிக் வரிசைகளில், வீதியோரப் போராட்டக் கொட்டகைகளில். நானும் இரண்டு நாட்கள் அதைத்தான் செய்தேன். ஆனால், ஒரு விளையாட்டுக்கு வந்த இடத்தில் யாருக்காகத் தாங்கவேண்டும்?

அன்று அவ தண்ணீருக்குள் இறங்கவில்லை. ஊருக்குப் போய் வைத்தியரிடம் காட்டி, துண்டு ஆழத்தில் அசையாமல் இருக்கிறது, நேரடி அழுத்தம் மட்டும் கூடாது என்று கேட்டுக்கொண்டு, அடுத்த மாதம் திரும்பி வந்தா. இந்த முறை முதலிலேயே சொன்னா. மூன்று பட்டிகளைக் கட்டிப் பார்த்து, அந்த இடத்தைத் தொடாத இருக்கை ஹார்னஸ் ஒன்றைத் தெரிவுசெய்தார்கள். உடலில் துண்டோ, பழைய முறிவோ, முதுகு வலியோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்கவேண்டாம். ஒருவருக்குப் பொருந்திய பட்டி மற்றவருக்குப் பொருந்தும் என்றும் இல்லை, காயம் எங்கே என்பதைப் பொறுத்தது.

சொந்தமாக வாங்க அவசரப்படாதீர்கள். ஹார்னஸ் விலை கூடிய பொருள், பயிற்சி நிலையங்கள் வகுப்போடு சேர்த்தே தருகின்றன. பழையது வாங்குவதானால் கொக்கியின் தேய்மானம், தையல், பட்டிகளின் வெளிறல், பூட்டுகளில் துரு ஆகியவற்றைப் பாருங்கள். பாவித்த பிறகு நன்னீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

கற்பிட்டிக்கு மட்டுமல்ல, தலைமன்னாரின் மணல்திட்டிகளுக்கும் இப்போது பட்டங்களோடு ஆட்கள் வருகிறார்கள். கரையில் நின்று பார்க்கும் எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி நாளை "நானும் பழகலாமா?" என்று கேட்கக்கூடும். அவளுக்கு முதலில் சொல்லவேண்டியது: கட்டிப் பார், நொந்தால் உடனே சொல், வேறு கேள்.

அக்கா அன்று களப்பில் பட்டத்தைத் தலைக்கு மேலே நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினா: "நோகேல்லையடி!"