உங்களுக்குத் தெரியுமா? வெறும் உலோகத்தை மீன் ஏன் கவ்வுகிறது?

மத்தியும் நெத்திலியும் வெள்ளியாய் மின்னுவது சாயத்தால் அல்ல. தோலில் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் படிகங்கள் கண்ணாடிபோல ஒளியைத் திருப்புகின்றன. துலக்கிய உலோகத் துண்டைக் கடலில் இழுத்தாலும் அதே மினுக்கம்தான். புழுவோ இறாலோ கோக்காமலே பாரையும் சீலாவும் துரத்தி வருவது அதனால். தண்ணீர் கலங்கியிருந்தால் மீனின் பக்கக்கோடு கைகொடுக்கும். தகடு துள்ளும் அதிர்வை அது உணர்ந்துவிடும்.

● சிவப்பு இரை படகில் இருக்கும்வரைதான் சிவப்பு. ஒளியில் சிவப்பைத்தான் கடல் முதலில் விழுங்குகிறது. பத்துப் பாகம் ஆழம் போவதற்குள் அது கறுத்துத் தெரியும்.

● ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனுடையது 19.3. ஒரே எடைக்கு டங்ஸ்டன் இரை சிறுத்திருக்கும், நீரோட்டத்தைக் கிழித்துச் சட்டென இறங்கும். விலைதான் அதிகம்.

● உலோக இரையை அடிவரை இறக்கி, வெட்டி வெட்டி மேலே இழுப்பது 'ஜிகிங்'. வஞ்சிரமும் வரிச்சூரையும் அதன் பின்னாலேயே சளைக்காமல் ஏறி வரும். ஆழம் மாறும்போது உப்புவதற்கு இவற்றுக்குக் காற்றுப்பையே கிடையாது. களவாவுக்கு உண்டு, ஆழத்திலிருந்து வேகமாகத் தூக்கினால் பை உப்பி, இரைப்பை வாய்வழியே பிதுங்கிவிடும். பாவம், திரும்ப விட்டாலும் அதனால் கீழே இறங்க முடியாது. விட்டுவிடத்தான் பிடிக்கிறோம் என்பவர்கள் களவா இருக்கும் ஆழத்தில் ஜிகிங் செய்யாமல் இருப்பதே நல்லது.

● நம் சம்பலுக்கு ருசி சேர்க்கும் மாசி பெரும்பாலும் வரிச்சூரைதான். மாலத்தீவிலும் மினிக்காயிலும் அதைப் பிடிக்கும் விதமே தனி. உயிருள்ள சிறு மீன்களை அள்ளி வீசி, கடல்மேல் தண்ணீரைத் தெளிப்பார்கள். சிறு மீன் கூட்டம் கொந்தளிப்பதாக எண்ணிச் சூரைகள் வெறிகொண்டு மொய்க்கும். அப்போது கழியில் கட்டிய பளபளக்கும் வெற்று முள்ளைக் கவ்வும். மீன் கழன்றுவிடாமல் தடுக்கும் எதிர்முள் அதில் கிடையாது. ஒரே வீச்சில் மீன் தலைக்குமேல் பறந்து வந்து தளத்தில் தானே கழன்று விழும். மறுநொடி முள் மீண்டும் கடலில். ஒவ்வொன்றாகப் பிடிப்பதால் ஆமையும் ஓங்கிலும் சிக்குவதில்லை. மாலத்தீவின் இந்தச் சூரைப்பிடிப்புக்கு 2012இல், கடல்வளம் குன்றாத மீன்பிடிப்புக்குத் தரப்படும் எம்.எஸ்.சி. சான்று கிடைத்தது. சூரை பிடிக்க இதைவிடக் கண்ணியமான வழி இல்லை.

● கரண்டி வடிவ உலோக இரைக்கு அமெரிக்காவின் ஜூலியோ பியூல் 1852இல் காப்புரிமை பெற்றார். ஏரியில் தவறி விழுந்த கரண்டியை மீன் கவ்வியதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. பசிபிக் தீவு மக்களோ உலோகம் அறியாத காலத்திலேயே முத்துச் சிப்பி ஓட்டைச் செதுக்கி, எலும்பு முள் கட்டிச் சூரை பிடித்தவர்கள்.

● ஜிகிங் இரையில் முள்ளை வாலில் கட்டாமல், தலைப்பக்கம் சிறு கயிற்றில் தொங்கவிடுவார்கள். பாறையில் மாட்டுவது குறையும். மீன் தலையை உதறினாலும் இரையின் கனம் முள்ளை நெம்பிக் கழற்றாது.