தேகத்தின் வரவு செலவு

பருத்த தேகத்தை இளைக்க வைப்பதாகச் சொல்லும் உபாயங்களுக்கு இவ்வுலகில் என்றுமே பஞ்சம் ஏற்பட்டதில்லை. சூரணம் உண்டு, கஷாயம் உண்டு, இடுப்பைக் குலுக்கும் யந்திரம் உண்டு, வெந்நீர் ஆவியில் உட்கார வைக்கும் பெட்டியும் உண்டு. இவற்றையெல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணப்பை மட்டும் இளைத்துப் போனவர்கள் அநேகர். ஆனால் அதிகச் செலவில்லாத உபாயம் ஒன்றும் இருக்கிறது. அதற்கு வேண்டியவை ஒரு தராசு, ஒரு பென்ஸில், ஒரு நோட்டுப் புத்தகம், கொஞ்சம் உண்மை. இந்த நான்கில் கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பதற்கு அரிது என்பதை நேயர்கள் போகப் போகத் தெரிந்துகொள்வார்கள்.

இந்த உபாயத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர் லூலூ ஹண்ட் பீட்டர்ஸ் என்னும் அமெரிக்க மாதரசி. 1873-ஆம் வருஷம் பிறந்து, 1909-ல் கலிபோர்னியா சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வைத்தியம் செய்தவர். குழந்தைப் பருவத்திலிருந்தே அவருக்குப் பருத்த சரீரம். வளர்ந்தால் சரியாய்ப் போய்விடும் என்று பெரியவர்கள் தேறுதல் சொன்னார்களாம். வளர்ந்தார், சரியாய்ப் போகவில்லை. கல்யாணத்தின்போதே 165 ராத்தல் இருந்தார். பிற்பாடு தம் எடை எந்த உச்சத்துக்கு ஏறியது என்பதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது என்று தம் புத்தகத்தில் எழுதினார். எழுதிய கையோடு, தமக்கு இயல்பான எடை 150 ராத்தல் என்றும், ஒரு சமயம் அதற்குமேல் 70 ராத்தல் சுமந்ததாகவும் சொல்லிவிட்டார். கூட்டல் தெரிந்த எந்தப் பள்ளிப் பிள்ளையும் 220 என்று விடை கூறிவிடுவானே! கிட்டத்தட்ட 100 கிலோ. அதில் 32 கிலோவை அந்த அம்மாள் இறக்கி வைத்தார். அவர் நம்பியது மருந்தையல்ல, கலோரிக் கணக்கை.

கலோரி என்பது என்ன? ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சென்டிகிரேடு சூடேற்றுவதற்கு வேண்டிய உஷ்ணமே ஆகார சாஸ்திரத்தில் ஒரு கலோரி. சோற்றுக்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1780-களில் பிரான்ஸ் தேசத்து லவாய்ஸியர் என்னும் விஞ்ஞானி, லாப்லாஸ் என்பவருடன் சேர்ந்து, கினிப்பன்றி என்னும் சிறு பிராணியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் அடைத்து வைத்தார். அதன் உடற்சூட்டினால் உருகி வழிந்த நீரை நிறுத்துப் பார்த்தார். சுவாசிப்பதும் ஒருவகை எரிதலே, அடுப்பில் விறகு எரிவதைப் போல உடம்பில் ஆகாரம் மெதுவாக எரிகிறது என்று அதிலிருந்து முடிவு கட்டினார்.

சுமார் நூறு வருஷம் கழித்து, அமெரிக்காவில் மிடில்டவுன் என்னும் ஊரிலுள்ள வெஸ்லியன் சர்வகலாசாலையில், ஆட்வாட்டர் என்னும் பேராசிரியர் கினிப்பன்றிக்குப் பதிலாக மனிதனையே பெட்டிக்குள் வைத்தார். காற்றுப் புகாதபடி அடைத்த சிறு அறை. உள்ளே மடக்குக் கட்டில், நாற்காலி, மேஜை. அதற்குள் ஒருவர் பல நாள் வசிப்பார். சிறு துவாரத்தின் வழியே சாப்பாடு போகும். அவர் உடம்பிலிருந்து எழும் உஷ்ணத்தைக் குழாய்களில் ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு வெளியே வரும், அதை அளப்பார்கள். உண்ட உணவின் சக்தியும் உடம்பு செலவிட்ட சக்தியும் கணக்கில் ஒத்துப்போயின. மாவுப் பொருளிலும் புரதத்திலும் ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9 கலோரி என்று அவர் வகுத்த விகிதம் இன்றும் உணவுப் பொட்டலங்களின் மேல் அச்சாகிறது.

ஆட்வாட்டரின் ஆராய்ச்சி சாஸ்திரிகளுக்கு விளங்கியது, சமையலறைக்கு எட்டவில்லை. எட்டச் செய்தவர் பீட்டர்ஸ் அம்மாள். 1918-ல் அவர் வெளியிட்ட 'டயட் அண்ட் ஹெல்த்' என்னும் சிறு நூலில், எந்தெந்தப் பதார்த்தம் எவ்வளவு இருந்தால் 100 கலோரி ஆகும் என்பதை ஜாப்தாவாகக் கொடுத்தார். ரொட்டித் துண்டை ரொட்டித் துண்டாகப் பார்க்காதீர்கள், 100 கலோரியாகப் பாருங்கள் என்பதே அவருடைய உபதேசம். இளைக்க விரும்புவோருக்கு நாளொன்றுக்கு 1,200 கலோரி என்று வரம்பு கட்டினார். வேடிக்கையும் கிண்டலும் நிறைந்த அந்தப் புத்தகம், 1924, 1925 ஆகிய இரண்டு வருஷங்களிலும் அமெரிக்காவில் கதை அல்லாத நூல்களுக்குள் விற்பனையில் முதல் ஸ்தானம் பெற்றது.

புத்தகம் பிறந்த காலம் முதல் உலக யுத்த காலம். ஐரோப்பாவில் குழந்தைகள் பசியால் வாடினார்கள். அமெரிக்க உணவு நிர்வாகத்தின் தலைவராயிருந்த ஹூவருக்கே அந்த அம்மாள் நூலைச் சமர்ப்பணம் செய்தார். அவசியத்துக்கு மேல் உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைப்பது, யுத்த காலத்தில் தானியத்தைப் பதுக்கி வைப்பதற்குச் சமானம் என்பது அவர் கட்சி. அவருடைய தேசபக்தியை மெச்சலாம். ஆனால் பருத்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய அந்தத் தோரணையை நாம் மெச்சுவதற்கில்லை. சிலருக்குப் பரம்பரையே எடையைக் கூட்டுகிறது, சிலருக்கு நோய், சிலருக்கு அவர்கள் உண்ணும் மருந்து. கணக்கு எழுதுவது கணக்குக்காகத்தான்; வெட்கப்படுவதற்காக அன்று.

நம் தேசத்து ஆகாரங்களுக்கு இத்தகைய ஜாப்தா கிடைத்தது நீலகிரியில், குன்னூரில். மக்காரிஸன் என்னும் டாக்டர் 1918-ல் அங்கே தொடங்கிய ஆராய்ச்சி, பெரிய ஆராய்ச்சிசாலையாக வளர்ந்தது. அதன் தலைவராக வந்த டாக்டர் அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து விவரத்தை 1937-ல் பிரசுரம் செய்தார். அந்த ஆராய்ச்சிசாலைதான் பின்னர் ஹைதராபாத்துக்குப் போய், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அது 2017-ல் புதிய அட்டவணையும் வெளியிட்டிருக்கிறது.

இப்போது நம் சமையலறைக்குள் நுழைவோம். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. 100 கிராம் எண்ணெயில் 900. அதே 100 கிராம் கத்திரிக்காயில் சுமார் 25-தான்! ஆனால் அந்தக் கத்திரிக்காயை நாலு தேக்கரண்டி எண்ணெயில் வதக்கினால், எண்ணெயால் மட்டும் 180 கலோரி ஏறிவிடுகிறது. தினம் நாலு வேளை காபி, வேளைக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால், சர்க்கரை மட்டுமே 160 கலோரி. இதைச் சாப்பாடு என்று யாராவது கணக்கில் சேர்க்கிறார்களா?

உடம்புக் கொழுப்பு ஒரு ராத்தல் கரைவதற்குச் சுமார் 3,500 கலோரி துண்டு விழவேண்டும். தினம் 2,000 கலோரி செலவாகும் ஒருவர் 1,500 மட்டும் உண்டால், நாளைக்கு 500 குறைகிறது. வாரத்துக்கு ஒரு ராத்தல். அப்படியானால் 70 ராத்தல் குறைய 70 வாரம் ஆகும். உண்மையில் அதற்கும் மேலேயே ஆகும். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது. சிறிய வீட்டுக்கு விளக்கெண்ணெய் குறைவாகத்தானே வேண்டும்? ஆகையால் முதல் மாதம் வேகமாக இறங்கிய முள் ஆறாவது மாதம் அசையாமல் நிற்கும். அப்போது மனம் தளர்ந்து நோட்டுப் புத்தகத்தை மூலையில் எறிகிறவர்களே அதிகம்.

இனி, கிடைப்பதற்கு அரிது என்று சொன்ன அந்த உண்மையைப் பற்றி. 1,200 கலோரிக்கும் குறைவாகச் சாப்பிட்டும் இளைக்கவில்லை என்று முறையிட்ட சிலரை நியூயார்க் டாக்டர்கள் பரிசோதித்து, 1992-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் உடம்பு சக்தியைச் செலவிடுவதில் யாதொரு கோளாறும் இல்லை. கோளாறு கணக்கில் இருந்தது. உண்டதில் சராசரி 47 சதவிகிதம் ஏட்டில் ஏறவே இல்லை! அவர்கள் பொய்யர்கள் அல்லர். பாத்திரத்தில் மீந்ததே என்று வாயில் போட்டதும், ருசி பார்த்ததும், குழந்தை வைத்த மிச்சமும் யாருக்குத்தான் நினைவிருக்கும்? தராசு இல்லாத கணக்கு, சாவியில்லாத கஜானா.

இந்தக் கணக்குக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை 2010-ல் ஒரு பேராசிரியர் வேடிக்கையாக நிரூபித்தார். கான்ஸாஸ் ராஜ்ய சர்வகலாசாலையில் போஷாக்கு சாஸ்திரம் போதிக்கும் மார்க் ஹாப், பத்து வாரம் பெரும்பாலும் கடைத் தின்பண்டங்களையே தின்றார். க்ரீம் அடைத்த கேக், பிஸ்கோத்து முதலியவைதாம். ஆனால் நாளொன்றுக்கு 1,800 கலோரிக்கு மேல் போகவில்லை. 201 ராத்தலிலிருந்து 174-க்கு இறங்கினார். இதைப் படித்துவிட்டு யாரும் மிட்டாய்க் கடைக்கு ஓடவேண்டாம். அவரே வைட்டமின் மாத்திரையும் கொஞ்சம் காய்கறியும் சேர்த்துக்கொண்டார்; பிறர் இப்படிச் செய்யும்படி அவர் யோசனை சொல்லவும் இல்லை. கலோரி, எடைக்குக் கணக்குச் சொல்லும். இரத்தத்துக்கு இரும்பும் எலும்புக்குச் சுண்ணமும் சேர்ந்தனவா என்று சொல்லாது.

கணக்கை மட்டுமீறி இறுக்குவதும் ஆபத்து. இரண்டாம் யுத்தத்தின் முடிவில், 1944-45-ல், மின்னஸோட்டா சர்வகலாசாலையில் 36 வாலிபர்கள் தாமாகவே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எடையில் சுமார் கால்பங்கு போயிற்று. அதோடு உற்சாகமும் போயிற்று. கண்டதும் கனவு கண்டதும் சோறு ஒன்றுதான். ஆகவே கர்ப்பிணிகளும், வளரும் குழந்தைகளும், நீரிழிவுக்கு மருந்து உண்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் உணவைக் குறைப்பது கூடாது. இக்காலத்தில் பசியை அடக்கும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. அவையும் பெரும்பாலும் உணவு வரவைக் குறைப்பதன் மூலமே வேலை செய்கின்றன.

பீட்டர்ஸ் அம்மாள் தம் வாசகர்களிடம் மறைக்காத செய்தி ஒன்று உண்டு: எடை இறங்கிய பிறகும் கணக்கை மூடக்கூடாது. 1930-ல் காலமாகும் வரையில் அவர் போதித்தது இதுவே. குடும்பக் கடன் தீர்ந்துவிட்டது என்பதற்காக வரவு செலவு எழுதுவதை யாரும் நிறுத்துவதில்லை அல்லவா?

கடைசியாக ஒன்று. குன்னூரில் கலோரி அட்டவணை தயாரித்த அதே அய்க்ராய்டு, 1943-ஆம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனில் ஓர் அங்கத்தினராக இருந்தார். மிஞ்சி உண்பவனின் இலையை அளக்கும் கோல்தான், உணவே இல்லாதவனின் இலையையும் அளக்கிறது. அந்தக் கோலைக் கையில் எடுப்பவர்கள் உணவைப் பகையாக நினைக்காமல், அதன் மதிப்பை அறிந்து, வேண்டிய அளவு உண்டு, மன நிம்மதியோடு இலையை மடிப்பார்களாக.