அட்ரசினை உடைக்கும் வெயில்

மக்காச்சோளம் விதைத்த மூன்றாம் நாள் வாக்கில் ஈர மண்ணில் அடிக்கும் களைக்கொல்லி அட்ரசின். மழையோடு இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிட்டால் அது லேசில் போகாது. ஜெர்மனி 1991-லேயே அட்ரசினைத் தடை செய்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அங்கே நிலத்தடி நீரில் அட்ரசினும் அதன் சிதைவுப் பொருளும் தென்பட்டுக்கொண்டே இருந்தன.

வெயில் பட்டால் கெட்டுப் போகாதா? அட்ரசின் உறிஞ்சும் ஒளி பெரும்பாலும் 290 நானோமீட்டருக்குக் கீழே உள்ளது. அந்தக் கதிர்களை ஓசோன் படலமே தடுத்துவிடும். ஆகவே வெயிலுக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு தரகர் தேவை. அந்த வேலையைச் செய்வது டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளை பெயின்ட்டில் கலக்கும் அதே தூள்தான். அதன் மீது ஒளி பட்டால் தண்ணீரையே பிரிக்க முடியும் என்று 1972-ல் ஜப்பானின் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் காட்டினார்கள். புற ஊதாக் கதிர் பட்டதும் தூளில் எலெக்ட்ரான் ஒன்று இடம்பெயர்கிறது. அது விட்டுச்சென்ற காலியிடம் தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் என்ற துணுக்கை உண்டாக்குகிறது. கண நேரமும் நிலைக்காத அந்தத் துணுக்கு, எதிர்ப்படும் கரிமப் பொருள்களில் பெரும்பாலானவற்றைத் தாக்கும்.

அட்ரசினின் நடுவில் மூன்று கார்பனும் மூன்று நைட்ரஜனும் சேர்ந்த வளையம். அதில் ஒரு குளோரினும் இரண்டு பக்கச் சங்கிலிகளும் தொங்குகின்றன. ஹைட்ராக்சில் தாக்கும்போது சங்கிலிகள் அறுகின்றன, குளோரின் கழல்கிறது. வளையம் மட்டும் அசையாமல் சயனூரிக் அமிலமாக மிஞ்சுகிறது. நீரைச் சோதிக்கும் கருவி 'அட்ரசின் பூஜ்யம்' என்று காட்டுவதோடு வேலை முடிந்தது என்பது அரைகுறைப் பேச்சு. மிஞ்சியது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். நல்லவேளை, சயனூரிக் அமிலத்தின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதைத் தின்றுவிடும். முதலில் ஒளி, பிறகு பாக்டீரியா என்ற வரிசையே சரியான வழி என்று எனக்குப் படுகிறது.

இதைக் கொண்டு ஏரியைச் சுத்தம் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெயிலில் புற ஊதாக் கதிர் 5 சதவீதத்தைத் தாண்டாது. கிணற்று நீரில் உள்ள பைகார்பனேட்டும் மட்கிய இலைதழைக் கரைசலும், மருந்தைத் தாக்க வேண்டிய ஹைட்ராக்சிலைத் தாமே விழுங்கிவிடும். குறைந்த நீரில் அதிக மருந்து இருக்கும் இடமே இதற்குத் தோது.

ஸ்பெயினின் அல்மேரியாவில் அப்படி ஓர் இடம் அமைந்தது. ஏறத்தாழ 30,000 ஹெக்டேரில் பசுமைக்குடில்கள் உள்ள வட்டாரம் அது. காலி மருந்து டப்பாக்கள் மலையாகச் சேரும். 2004-ல் அங்கே லா மொஹோனெராவில், டப்பாக்களைக் கழுவி மறுசுழற்சிக்கு அனுப்பும் ஆலை ஒன்று எழுந்தது. கழுவிய நீரில் இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து, வளைந்த கண்ணாடிகளின் மேல் பொருத்திய குழாய்களில் வெயில் படச் சுற்றவிட்டார்கள். ஹைட்ராக்சிலை உண்டாக்க இது இன்னொரு வழி. நீரைப் புளிப்பாக்கிப் பிறகு சமன்படுத்தும் சிரமம் இருந்தாலும், புற ஊதாவோடு கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு பகுதியும் இதில் பயன்படுகிறது.

நம் ஊரில் மருந்து அடிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலி டப்பாவை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கழுவாதீர்கள். மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றி வயலில் அடித்துவிடுங்கள்.