அதிர்வே தராசு

கச்சேரி தொடங்கும் முன் மிருதங்க வித்துவான் இடப்பக்கத் தொப்பியின் நடுவில் ரவைப் பசையை அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பசை ஏறியதும் நாதம் தாழ்கிறது. ஏன்? அதிரும் பொருளின் எடை கூடினால் அது மெதுவாக அதிரும்.

இதை நீங்களே சோதிக்கலாம். ரம்பத் தகடு ஒன்றின் ஒரு முனையை மேசை விளிம்பில் இறுகக் கட்டி, மறு முனையைத் தட்டி விடுங்கள். பற்களில் கை படாமல் கவனியுங்கள்! பிறகு நுனியில் மெழுகு ஒட்டித் தட்டுங்கள். அருமனைப் பக்கத்து மாணவர்களுக்கு ரப்பர் தோட்டத்து ஒட்டுப்பால் உருண்டையே போதும். அதிர்வு தளர்வதைக் காண்பீர்கள். அதே உருண்டையைக் கட்டிய முனைப் பக்கம் நகர்த்தினால் தளர்வு குறையும். இதை நினைவில் வையுங்கள்.

அதிர்வெண் எவ்வளவு குறைந்தது என்று அளந்தால், ஏறிய எடையைக் கணக்கிடலாம் அல்லவா? 1959-ல் ஜெர்மானியரான சாவர்பிரை இதைக் குவார்ட்ஸ் படிகத்தில் செய்து காட்டினார். நொடிக்கு 50 லட்சம் முறை அதிரும் படிகத்தின் மேல் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 18 நானோகிராம் படிந்தால், அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ் குறையும். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு!

இன்னும் நுண்ணிய எடையை அறிய என்ன வழி? யானை முதுகில் ஈ அமர்ந்தால் யானைக்குத் தெரியாது. தும்பியின் முதுகில் அமர்ந்தால் தெரியும். ஆகவே அதிரும் பொருளையே சிறிதாக்க வேண்டும். 2009-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அக்ஷய் நாயக், மைக்கேல் ரூக்ஸ் முதலியோர் இரு முனையும் பிணைத்த நுண்பாலம் ஒன்றை அதிரச் செய்து, அதன்மேல் வந்து விழுந்த தனித்தனிப் புரத மூலக்கூறுகளை உணர்ந்தனர். 2012-ல் பார்சிலோனாவில் கார்பன் நானோகுழல் ஒன்று 1.7 யோக்டோகிராம் வரை, அதாவது ஏறத்தாழ ஒரு புரோட்டானின் எடை வரை, பிரித்துக் காட்டியது.

ஒரு சிக்கல் உண்டு. உங்கள் உருண்டையைப் போலவே, மூலக்கூறு எங்கே விழுகிறது என்பதும் அதிர்வை மாற்றும். பாலத்தின் நடுவில் விழுந்த சிறியதும் ஓரத்தில் விழுந்த பெரியதும் ஒன்றுபோலத் தோன்றும். 2012-ல் ரூக்ஸ் குழுவினர் பாலத்தை ஒரே சமயத்தில் இரு வகையாக அதிரச் செய்தனர். இரண்டு மாற்றங்களையும் ஒப்பிட்டதும் இடமும் எடையும் சேர்ந்தே கிடைத்தன.

அக்ஷய் நாயக் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து, சில அணுக்களே தடிமனுள்ள ஏடுகளின் அதிர்வை ஆராய்ந்து வருகிறார். ஒரு துளி இரத்தத்தில் நோயின் முதல் அடையாளத்தை இப்படி எடைபோட முடிந்தால் எத்தனை உயிர்களைக் காக்கலாம்! ஆனால் திரவத்துக்குள் அதிர்வு சட்டென அடங்கிவிடுகிறது. அந்தத் தடையைத் தாண்டுவது எப்படி? சிந்தியுங்கள்.