குவியலை அளந்து வரைந்தவர்கள்

லண்டனில் ரீஸ் மியூஸ் என்ற சந்து, 7ஆம் எண் வீடு. மாடியில் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் கொண்ட ஓர் அறை. 1961 முதல் 1992இல் இறக்கும்வரை ஓவியர் ஃபிரான்சிஸ் பேக்கனின் ஓவியக்கூடம் அதுதான். கிழித்தெடுத்த புத்தகப் பக்கங்கள், மிதிபட்ட புகைப்படங்கள், காய்ந்துபோன பெயிண்ட் டப்பாக்கள், கத்தியால் அறுத்த கேன்வாஸ்கள் என்று முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். சுவரிலும் கதவிலும் வண்ணத்தைத் தீற்றிப் பார்ப்பது அவர் வழக்கம்.

பேக்கனின் வாரிசு ஜான் எட்வர்ட்ஸ் 1998இல் இந்தக் கூடத்தை டப்ளினிலுள்ள ஹியூ லேன் கலைக்கூடத்துக்குக் கொடையளித்தார். டப்ளின் பேக்கன் பிறந்த ஊர். சுவர், கதவு, தரை, கூரை எல்லாவற்றோடும் அறையையே கடல் கடந்து கொண்டுபோக வேண்டும்; போன இடத்தில் ஒவ்வொரு பொருளும் முன்பு கிடந்தபடியே கிடக்கவும் வேண்டும். இதற்குத் தொல்லியலாளர்களை அழைத்தார்கள். அகழாய்வுக் குழியில் செய்வதையே அவர்கள் இங்கும் செய்தார்கள். பொருள்களை அப்புறப்படுத்துமுன் அறையை அளந்து வரைந்தார்கள்.

புகைப்படங்களும் எடுக்கப்பட்டன. பிறகு கையால் எதற்கு வரைய வேண்டும்? புகைப்படத்தில் அருகில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும். அதன்மேல் ஸ்கேலை வைத்துத் தூரத்தைக் கணக்கிட முடியாது. அளவு வரைபடத்தில் முடியும். கட்டடப் பிளானில் இருப்பதுபோல ஒவ்வொரு புள்ளியும் அதற்கு நேர் மேலே இருந்து பார்த்ததாகப் பதிவாகும். சுவரை நேர் எதிரே இருந்து பார்த்து வரைவது எலிவேஷன். தொல்லியலில் வழக்கமான 1:20 அளவில், தரையின் ஒரு மீட்டர் தாளில் ஐந்து சென்டிமீட்டராகும். பிளானையும் எலிவேஷனையும் சேர்த்துப் பார்த்தால் நீளம், அகலம், உயரம் மூன்றும் கிடைத்துவிடும். அதைவிட முக்கியம், இந்த விளிம்பு டப்பாவினுடையதா அடியில் கிடக்கும் புத்தகத்தினுடையதா என்று வரைபவர் கோடு கோடாக முடிவெடுத்தாக வேண்டும். கேமரா அந்த முடிவை எடுக்காது.

குவியலைக் கலைத்தால் அது போனதுதான். நல்லதாகப் பொறுக்கி எடுத்துக் கண்ணாடிப் பேழையில் வைத்திருந்தால், எது எதன்மேல் கிடந்தது, எந்தப் படம் ஓவியத் தாங்கியின் அருகே கிடந்தது என்பதெல்லாம் அழிந்திருக்கும். பேக்கன் ஆளை உட்காரவைத்து வரைவதைவிடக் கசங்கிய, பெயிண்ட் தெறித்த புகைப்படங்களைப் பார்த்து வரைவதையே விரும்பியவர். அவர் விஷயத்தில் அந்த இழப்பு ஈடுசெய்ய முடியாதது.

கலைப்பொருள் பாதுகாப்பு வல்லுநர்கள் தூசியைக்கூட விடாமல் பொட்டலம் கட்டினார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. 1945இல் வரைந்த ஓர் ஓவியத்தில் கோட்-சூட் துணியின் சொரசொரப்பைக் கொண்டுவரப் பேக்கன் தூசியைத்தான் பயன்படுத்தினார்.

ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் தனித்தனியே கணினியில் பதிவாயின. ஏறத்தாழ 570 புத்தகங்களும் 1,500 புகைப்படங்களும் அறுபட்ட கேன்வாஸ்கள் நூறும் அவற்றில் அடக்கம். 2001இல் டப்ளினில் அறை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முன்னோட்டமாக வரைந்து பார்க்கும் பழக்கம் தனக்கில்லை என்று பேக்கன் பேட்டிகளில் சொல்லிவந்தார். குவியலைப் பிரித்தபோது தாளில் அவர் கையால் வரைந்தவை மட்டும் சுமார் 70 கிடைத்தன.