நீருக்கொரு காதடைப்பான், ஓசைக்கொரு காதடைப்பான்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் வழியில் பாலராமபுரம் என்னும் நெசவூர் உள்ளது. திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மர் காலத்தில் (1798–1810) தென் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய நெசவாளரின் வழியினர் இங்குக் குழித்தறியில் நுண்ணிய பருத்தி ஆடை நெய்கின்றனர். நாடா ஓடும் ஒலியும், ஊடை நூலைச் சேர்த்தடிக்கும் பலகையின் ஒலியும் தெருவில் கேட்கும்; எனினும் தறிக்கு அருகில் நின்று இயல்பான குரலில் உரையாட முடியும். சோமனூர், குமாரபாளையம் போன்ற ஊர்களின் விசைத்தறிக் கூடங்களில் அது இயலாது. ஆங்கு ஓசை 90 டெசிபலைக் கடந்து நிற்பது வழக்கம்.

கருவியின்றி ஓசையை மதிப்பிட எளிய முறை ஒன்றுண்டு. மூன்றடித் தொலைவில் நிற்பவரிடம் உரக்கக் கத்தித்தான் பேச வேண்டுமெனில், அவ்விடத்தின் ஓசை 85 டெசிபலை எட்டியிருக்கக்கூடும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் அதற்கு மேற்பட்ட ஓசையில் இருப்பது செவிக்குக் கேடு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கக்கூடிய நேரம் பாதியாகும்; 94 டெசிபலில் ஒரு மணி நேரமே எல்லை. உட்செவியின் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

நெசவுக்கூடத்தில் கைக்கெட்டுவது பஞ்சு. பலரும் அதையே காதில் செருகுகின்றனர். உலர்ந்த பஞ்சு ஓசையை மிகச் சிறிதளவே தடுக்கும். நுரைப்பஞ்சால் ஆன காதடைப்பானே ஓசைக்கு ஏற்றது. அதனை விரல்களால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதுமடலை மேலும் பின்னும் இழுத்து, துளையில் செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இவ்வாறு செய்யாதவருக்கு உறையில் அச்சிட்ட 30 டெசிபலில் பாதியும் கிட்டுவது அரிது. மற்றொன்று பெரும்பாலோர் அறியாதது: 8 மணி நேர வேலையில் ஒரு மணி நேரம் அதைக் கழற்றி வைத்தால், அந்நாளைக்கு 30 டெசிபல் காப்பு ஏறத்தாழ 9 டெசிபலாகக் குறைந்துவிடும். ஆகவே மிகுந்த காப்பு தந்து உறுத்துவதைக் காட்டிலும், அளவான காப்பு தந்து நாள் முழுதும் காதில் தங்குவதே மேல். எச்சரிக்கைக் குரல் கேட்பதற்கும் அதுவே நன்று.

குளத்திற்கோ ஆற்றிற்கோ இந்த நுரைப்பஞ்சு உதவாது. நீரை உறிஞ்சி ஊறிவிடும். அதற்கு மெழுகுபோல் பிசையத்தக்க சிலிகோன் உருண்டை வேண்டும். அதைத் துளைக்குள் திணிக்காமல், காதின் வாயின்மேல் தட்டையாக அப்ப வேண்டும். வீட்டில் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு போதுமானது.

செவி நலமாக உள்ளவருக்கு நீந்துகையில் அடைப்பான் கட்டாயமன்று. காதுக்குரும்பியே ஒருவகைக் காப்பு. செவிப்பறையில் துளையுள்ள குழந்தைகளுக்கே இது மிகவும் தேவை. அன்னவர் அடைப்பான் இருப்பினும் மூழ்கலாகாது. காதில் சீழ் வடியும்போது அடைத்து வைத்தலும், எண்ணெய் காய்ச்சி ஊற்றுதலும் கூடா. மருத்துவரிடம் காட்டுவதே முறை. நல்ல செவியுடையோரும் அடைப்பானுடன் ஆழத்தில் மூழ்குதல் தவறு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காவதால், அடைப்பான் உள்நோக்கித் தள்ளப்பட்டுச் செவிப்பறைக்கு ஊறு நேரும்.

வகுப்பில் கூப்பிட்டால் ஒரு பக்கமே தலையைத் திருப்பும் மாணவன் இருப்பின், கவனக்குறைவு என ஆசிரியர் முடிவு செய்யுமுன் அவன் காதில் சீழ் வடிகிறதா என்று பெற்றோரிடம் விசாரித்தல் வேண்டும்.